வேர்ல இருக்குற முடிச்சு எல்லாம் புழு இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

நான் பெங்களூரு ஸ்ரீராமபுரத்துல இருந்து எழுதுறேன். எங்க வீட்ல மாமனார் காலத்துல இருந்து உங்க பேப்பர்தான் வருது, ஆனா இது வரைக்கும் லெட்டர்னு ஒண்ணு எழுதினதில்ல, தண்ணி வராததுக்கும் எழுதல குப்பை எடுக்காததுக்கும் எழுதல. இப்ப எழுத வச்சது ரெண்டு ஞாயிறு முன்னாடி மாடித்தோட்டம் பகுதியில வந்த ஒரு கேள்வி பதில். அவரை, பீன்ஸ், காராமணி எல்லாம் இலை வெளுத்துப் போகுது என்ன பண்றதுன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். பதில் சொன்னவர் ஒரு செடிப்பைக்கு ஒரு ஸ்பூன் யூரியா வாரா வாரம் தண்ணியில கரைச்சு ஊத்துங்க, அப்பவும் தேறலன்னா செடியை பிடுங்கிப் பாருங்க, வேர்ல முடிச்சு முடிச்சா இருந்தா அது வேர்ப்புழு, செடியையும் எடுத்துட்டு மண்ணையும் கொட்டிடுங்கன்னு போட்டிருந்தார்.

எங்க மேல் வீட்டு அக்கா உங்க பேப்பர்ல வந்தா அப்படியே நம்புவாங்க. மொட்டை மாடியில ஒன்பது பையில அவரை போட்டிருந்தாங்க, பூ எடுக்குற நேரம், கீழ் இலை கொஞ்சம் மஞ்சளா இருந்தது அவ்ளோதான். ஒரு செடியை பிடுங்கிப் பாத்தாங்க, முடிச்சு இருந்தது, மிச்சம் எட்டையும் பிடுங்கிட்டாங்க. ஒண்ணை மட்டும் கையில எடுத்துட்டு கீழ வந்து "பாரும்மா, வேர் பூரா கட்டி கட்டியா புழு வச்சிருக்கு"ன்னு காட்டினாங்க. நான் அதுல ஒரு முடிச்சை நகத்தால நசுக்கினேன், உள்ள நல்ல ரோஸ் கலர், விரல்ல ரத்தம் மாதிரி ஒட்டிச்சு. அக்கா இது புழு இல்லக்கா, இதுதான் அந்தச் செடிக்கு சோறு போட்டுட்டு இருந்ததுன்னு சொல்றதுக்குள்ள அவங்க மூஞ்சி போன போக்கை பாத்து சொல்லாமலே இருந்திருக்கலாமோன்னு தோணிச்சு.

தப்பு எங்க நடந்ததுன்னு எனக்கு புரியுது, பேர்லதான். தமிழ்ல இதையும் வேர்முடிச்சுன்னுதான் சொல்றோம், தக்காளி கத்தரி வேர்ல வர்ற நூற்புழுவுக்கும் வேர்முடிச்சு நூற்புழுன்னுதான் பேர். ரெண்டும் வேற வேற. நூற்புழு வந்தா வேரே வீங்கும், இஞ்சி மாதிரி கோணல் மாணலா, அந்த வீக்கத்தை தனியா பிச்சு எடுக்க முடியாது, வேரும் சேந்துதான் வரும். நல்ல முடிச்சு வேரோட பக்கத்துல மணி கோத்த மாதிரி உக்காந்திருக்கும், விரல்ல தேய்ச்சா உருண்டு வந்துடும். வெட்டிப் பாத்தா உள்ள ரோஸ், இல்லன்னா சிவப்பு. வெள்ளையா இருந்தா ஒண்ணு இன்னும் பிஞ்சு, இல்ல வேலை செய்யாத சோம்பேறி. பச்சையாவோ பிரவுனாவோ இருந்தா வயசாகி ஓஞ்சு போனது. இதை பாக்க லேப் ஒண்ணும் வேணாம், நகம் போதும். (அவரை மாதிரி செடிக்கு நூற்புழுவும் வரும், வராதுன்னு நான் சொல்லல, நசுக்கிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்கன்னுதான் சொல்றேன்.)

நான் விவசாய ஆபீசர் இல்ல. 1989ல பி.எஸ்சி பாட்டனி முடிச்சேன், கல்யாணமாகி இங்க வந்து பீன்யாவுல ஒரு கம்பெனி அக்கவுண்ட்ஸ்ல 26 வருஷம் ஓட்டிட்டேன். எங்க பாடத்துல இது அரைப்பக்கம்தான் இருந்தது: பாக்டீரியா காத்துல இருக்குற நைட்ரஜனை செடிக்கு குடுக்கும், செடி அதுக்கு சர்க்கரை குடுக்கும், ரெண்டு பேருக்கும் லாபம், இது கூட்டுவாழ்வு, அஞ்சு மார்க். ரிட்டயர் ஆனப்புறம் பொண்ணு படிக்கிற புக்கையும் அவ அனுப்புற கட்டுரையையும் வச்சு திரும்ப படிச்சப்பதான் தெரிஞ்சது, அந்த அஞ்சு மார்க் விடையில பாதி விஷயமே இல்ல. யார் யாருக்கு எவ்ளோ குடுக்குறா, எப்ப நிறுத்துறா, ஏமாத்தினா என்ன ஆகும்னு ஒரு வரி கிடையாது. கணக்கு பாத்தே தலை நரைச்சவளுக்கு அதானே முதல்ல வேணும்.

முதல்ல செலவை சொல்லிடுறேன். காத்துல 78 சதவீதம் நைட்ரஜன், ஆனா அதுல ரெண்டு அணு மூணு பிணைப்புல இறுக்கமா கட்டிப்பிடிச்சிருக்கும், எந்தச் செடியாலயும் அதை நேரா எடுத்துக்க முடியாது. முடிச்சுக்குள்ள இருக்குற ரைசோபியம் பாக்டீரியாகிட்ட நைட்ரஜனேஸ்னு ஒரு என்சைம் இருக்கு, அது பிரிச்சு அமோனியா ஆக்கும், ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்கு 16 ஏடிபி போயிடும், ஏடிபின்னா செல்லுக்குள்ள ஓடுற சக்திக் காசு. அந்த ஏடிபி எல்லாம் செடி வெயில்ல நின்னு சமைச்ச சர்க்கரையில இருந்து வர்றது. ஒரு கிராம் நைட்ரஜன் வாங்க செடி தன் கையில இருந்து பல கிராம் கார்பன் கட்டுது, அது முடிச்சு கட்டுற செலவு, பராமரிக்கிற செலவு, என்சைம் ஓட்டுற செலவு எல்லாம் சேந்தது. அதனால பாக்டீரியா இலவச உரம் தருதுன்னு எழுதுறவங்களை பாத்தா எனக்கு சிரிப்பு வரும். இலவசம் நமக்குத்தான், செடிக்கு மாசா மாசம் பில்லு.

அந்த சிவப்பு எங்க இருந்து வந்ததுன்னு அக்கா கேட்டாங்க. அந்த என்சைமுக்கு ஆக்சிஜன் பட்டா கெட்டுப் போயிடும், ஆனா பாக்டீரியா மூச்சு விட ஆக்சிஜன் வேணும், ரெண்டுங்கெட்டான் நிலைமை. அதுக்குத்தான் செடி முடிச்சுக்குள்ள நம்ம ரத்தத்துல இருக்குற ஹீமோகுளோபினுக்கு சித்தப்பா பொண்ணு மாதிரி ஒரு புரதத்தை நிரப்பி வைக்கும், லெக்ஹீமோகுளோபின்னு பேர், இரும்பு இருக்கும், அதான் சிவப்பு. ஆக்சிஜனை புடிச்சு வச்சுக்கிட்டு மூச்சுக்கு வேணுங்கிற அளவு மட்டும் கையில குடுக்கும். சைவச் செடிக்குள்ள ரத்தமான்னு அக்கா நம்பவே இல்ல.

இப்ப விஷயத்துக்கு வர்றேன், இதுக்காகத்தான் பேனாவே எடுத்தேன். முடிச்சு எத்தனை வரணும்னு பாக்டீரியா முடிவு பண்றதில்ல, செடிதான் முடிவு பண்ணுது, அதுவும் வேர்ல இல்ல, மேல இலையில.

ஆரம்பத்துல மண்ணுல நைட்ரஜன் கம்மியா இருந்தா வேர் ஃப்ளேவனாய்டுன்னு ஒரு வகை கெமிக்கலை வெளிய விடும். அது பக்கத்துல இருக்குற சரியான ரைசோபியத்துக்கு போய்ச் சேந்தா அது பதிலுக்கு நாட் ஃபாக்டர்னு ஒண்ணை அனுப்பும், கைட்டின்னு ஒரு வகை சர்க்கரைச் சங்கிலியில ஒரு கொழுப்பு வால் ஒட்டின மாதிரி இருக்கும், வாலும் அலங்காரமும் ஒவ்வொரு ஜாதி பாக்டீரியாவுக்கும் கொஞ்சம் மாறும். வேர்ல இருக்குற ரிசப்டர், அதாவது வாசல் காவலாளி மாதிரி ஒரு புரதம், அதை தடவிப் பாத்து நம்ம ஆளுதான்னு தெரிஞ்சா மட்டும் வேர்த்தூவி சுருண்டு அதை உள்ள வாங்கிக்கும், ஒரு குழாய் மாதிரி வழி போட்டு உள்ள கூட்டிட்டு போகும். கடலைக்காய்ல இது வேற மாதிரி, கிளை வேர் வெடிச்சு வெளிய வர்ற இடத்துல ஒரு சந்து இருக்கும்ல, அந்த வழியா பாக்டீரியா நுழையும், அதனாலதான் கடலைச் செடியில முடிச்சு எல்லாம் கிளை வேர் கிளம்புற இடத்துலயே உக்காந்திருக்கும். அடுத்த தடவை கார்த்திகை கடைசி திங்கக்கிழமை இங்க பசவனகுடி கடலேகாய் பரிஷேவுக்கு (கடலைக்காய் திருவிழா) போறவங்க, செடியோட கொண்டு வந்து விக்கிறவங்க யாராவது இருந்தா வேரை பாருங்க, காய்ஞ்சு சுருங்கி இருந்தாலும் இடம் தெரியும். அங்க வர்ற கடலையில பாதி எங்க தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கத்துதுதான்னு எங்கம்மாவுக்கு ஒரு பெருமை, அதை நான் சரி பாக்கல.

முதல் சில முடிச்சு கிளம்பின உடனே வேர் ஒரு சின்ன பெப்டைடு, அதாவது புரதத் துணுக்கு செய்யும், சிஎல்ஈ வகைன்னு சொல்றாங்க, பன்னெண்டு பதிமூணு அமினோ அமிலம் நீளம்தான். அது சைலம் குழாயில தண்ணியோட தண்ணியா மேல ஏறி இலைக்கு போகும். இலையில அதை வாங்குறதுக்குன்னே ஒரு ரிசப்டர் உண்டு, சோயாவுல அதுக்கு நார்க்னு பேர் வச்சிருக்காங்க. இலை ரசீது வாங்கின மாதிரி கீழ தாக்கல் அனுப்பும், முடிச்சு போதும் நிறுத்துன்னு. அந்த தாக்கல் எப்படி போகுதுன்னு 2018ல ஒரு பகுதி தெளிவாச்சு: இலை சாதாரணமா மைக்ரோ ஆர்என்ஏ 2111னு ஒரு துண்டை கீழ அனுப்பிட்டே இருக்குமாம், அது வேர்ல இருக்குற தடையை அமுக்கி வச்சு முடிச்சுக்கு கதவை திறந்து வைக்கும். மேல பெப்டைடு வந்து சேந்ததும் இலை அந்த துண்டை அனுப்புறதை குறைச்சுடும், கீழ தடை எழுந்து நிக்கும், கதவு சாத்திக்கும். ஆபீஸ்ல பர்ச்சேஸ் ஆர்டர் கையெழுத்து நின்னா குடோன்ல சரக்கு இறங்குறது தானா நிக்கும்ல, அந்த மாதிரி.

இது யாரோ கற்பனையா சொன்னது இல்ல. 1952லயே நட்மன்னு ஒருத்தர் சிவப்பு குளோவர் செடியில வளந்த முடிச்சை அறுத்து எடுத்தார், செடி புதுசா முடிச்சு போட்டுது. அப்ப இருக்குற முடிச்சுதான் அடுத்ததை தடுத்துட்டு இருந்திருக்கு. 1984ல சோயா வேரை ரெண்டா பிரிச்சு ரெண்டு தொட்டியில விட்டு, ஒரு பக்கம் பாக்டீரியா முன்னாடியே ஊத்தி சில நாள் கழிச்சு மறுபக்கம் ஊத்தினாங்க, பிந்தின பக்கத்துல முடிச்சு அடங்கிப் போச்சு. ரெண்டு வேருக்கும் நடுவுல நேரடித் தொடர்பு கிடையாது, தகவல் மேல போய்த்தான் கீழ வந்திருக்கணும். அப்புறம் 1985ல ஆஸ்திரேலியாவுல காரல், கிரெஷாஃப் குழுவுக்கு ஒரு சோயா கிடைச்சது, அதுக்கு போதும்னே சொல்லத் தெரியாது. வேர் முழுக்க முடிச்சு, சாதாரண சோயாவை விட பல மடங்கு. ஒட்டு கட்டிப் பாத்தாங்க: அந்தச் செடியோட மேல் பாகத்தை சாதாரண வேர் மேல வச்சா அந்த சாதாரண வேரும் முடிச்சா போட்டுத் தள்ளுது, வேரை மாத்தி வச்சா அப்படி ஆகல. அப்ப கோளாறு தலையில. அந்த ஜீன் எதுன்னு 2003ல கண்டுபிடிச்சாங்க, அதான் மேல சொன்ன நார்க்.

அந்த ஏகப்பட்ட முடிச்சு போட்ட சோயா ஓஹோன்னு வளந்திருக்கும்னு நினைப்பீங்க. இல்லீங்க, குட்டையா நோஞ்சானா இருந்தது, வேரும் சின்னது, மகசூலும் குறைவு. சம்பாதிச்ச சர்க்கரை பூராவும் கீழ கூலி குடுக்கவே போயிடுச்சு. இதை படிச்சப்ப எனக்கு நாங்க வேலை பாத்த ஏரியாவுல ஆர்டர் இருக்கா இல்லையான்னு பாக்காம மெஷின் மேல மெஷின் வாங்கி லோன்ல மூழ்கினவங்க ஞாபகம்தான் வந்தது, பேர் வேணாம்.

இதனாலதான் சில யூடியூப் வீடியோவுல ரைசோபியத்தை வாரம் வாரம் ஊத்துங்க முடிச்சு கூடும் காய் கூடும்னு சொல்றதையும் நான் நம்புறதில்ல. ஒரு தடவை விதையோட சேந்துட்டா போதும், அதுக்கு மேல எத்தனை போடணும்னு இலை பாத்துக்கும்.

இப்ப யூரியாவுக்கு வருவோம், உங்க பதில்ல எனக்கு கோவம் வந்த இடம் இது. மண்ணுல யூரியா போட்டா அது அமோனியம் ஆகி, அப்புறம் நைட்ரேட் ஆகும். நைட்ரேட் தாராளமா கிடைச்சா செடி எதுக்கு 16 ஏடிபி குடுத்து வாங்கணும்? அதே மாதிரி நிறுத்துற பெப்டைடை நைட்ரேட்டும் தூண்டிவிடும், புதுசா முடிச்சு வராது. ஏற்கனவே வந்ததும் சும்மா இருக்காது, சீக்கிரம் கிழடு தட்டிப் போயிடும். 2024ல டென்மார்க் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்துக்காரங்க லோட்டஸ்னு ஒரு சின்ன பயறு இனச் செடியில இதுக்கு ஒரு ஸ்விட்ச் கண்டுபிடிச்சாங்க, துத்தநாகத்தை வச்சு வேலை செய்யுற ஒரு புரதம், நைட்ரேட் வந்தா அது முழிச்சுக்கிட்டு முடிச்சை மூட ஆரம்பிக்கும். பசிக்கும் தனி சிக்னல் இருக்கு, மண்ணுல சத்து இல்லன்னா வேர் வேற ஒரு பெப்டைடு அனுப்பும், சிஇபின்னு, அது மேல போய் முடிச்சு போடலாம்னு சம்மதம் வாங்கிட்டு வரும். பசின்னு ஒரு கடுதாசி, போதும்னு ஒரு கடுதாசி, ரெண்டும் இலைக்குத்தான் போகுது. வாரா வாரம் யூரியா ஊத்தினா நாம போதும்னு சொல்ற கடுதாசியை நம்ம கையால எழுதிப் போடுறோம். இலை கருகருன்னு பச்சையா வரும், பாக்க அழகா இருக்கும், பூ பிந்தும், அசுவினி வந்து மொய்க்கும்.

அளவையும் ஒரு தடவை கணக்கு போட்டுப் பாத்தேன், பழக்க தோஷம். தமிழ்நாட்டுல மானாவாரி பயறுக்கு சிபாரிசு பண்ற தழைச்சத்து, அதான் நைட்ரஜன், ஹெக்டேருக்கு 12.5 கிலோ, அதுவும் அடியுரமா ஒரே தடவை, முடிச்சு வேலை ஆரம்பிக்கிற வரைக்கும் குழந்தைக்கு கைப்பிடிக்கிற மாதிரி. சதுர மீட்டருக்கு 1.25 கிராம். யூரியாவுல 46 சதவீதம்தான் தழைச்சத்து, அப்ப யூரியாவா பாத்தா 2.7 கிராம். நம்ம பை வாய் சுமாரா சதுர மீட்டர்ல பத்துல ஒரு பங்கு, அப்ப பைக்கு கால் கிராமுக்கு கொஞ்சம் மேல, மொத்த பயிருக்கும். ஒரு டீஸ்பூன் யூரியா நாலு கிராமுக்கு குறையாது. உங்க பதில்ல சொன்னது மொத்த சீசனுக்கும் வேண்டியதுல பதினஞ்சு மடங்கு, வாரா வாரம்! வயலும் பையும் ஒண்ணா, கோகோபீட்ல சத்தே கிடையாதேன்னு கேப்பீங்க, நியாயம்தான், அதுக்காக ரெண்டு மடங்கு மூணு மடங்கு வச்சுக்கோங்க, இது எங்க போய் நிக்குது பாருங்க.

ஏமாத்தினா என்ன ஆகும்னு சொன்னேன்ல, அதை விட்டுட்டேன். எல்லா ரைசோபியமும் யோக்கியம் இல்ல. சிலது உள்ள வந்து உக்காந்து சர்க்கரையை மட்டும் தின்னுட்டு நைட்ரஜன் குடுக்காது. வாசல்ல நாட் ஃபாக்டரை வச்சு செடியால இதை கண்டுபிடிக்க முடியாது, ஏன்னா ஐடி கார்டு சரியாத்தான் இருக்கும், வேலைதான் செய்யாது. 2003ல கீயர்ஸ்னு ஒரு அம்மாவும் அவங்க கூட இருந்தவங்களும் ஒரு சோதனை பண்ணாங்க, நேச்சர்ல வந்தது. சோயா வேர்ல ஒரு பகுதியை சுத்தி சாதாரண காத்துக்கு பதிலா 80 பங்கு ஆர்கான், 20 பங்கு ஆக்சிஜன் விட்டாங்க. நைட்ரஜனே இல்லாத காத்து, அப்ப நல்ல பாக்டீரியாவாலயும் வேலை செய்ய முடியாது, செடி பார்வையில அது ஏமாத்துற முடிச்சு. அந்த முடிச்சுல பாக்டீரியா பெருகுறது கிட்டத்தட்ட பாதியா விழுந்துடுச்சு. ஆக்சிஜன் சப்ளையை செடி குறைச்சதுக்கான அறிகுறியும் தெரிஞ்சது. அதாவது ஒவ்வொரு முடிச்சா பாத்து, குடுக்காதவனுக்கு படியளக்கிறதை செடி குறைக்குது. எங்க கம்பெனியில 26 வருஷத்துல இந்த மாதிரி ஒரு அப்ரைசல் நான் பாத்ததில்ல.

பட்டாணி, கொத்துக்கடலை வகையறா இதுக்கும் ஒரு படி மேல. நிறைய சின்ன சின்ன பெப்டைடை பாக்டீரியா மேல விட்டு அதை பெருசா ஊத வச்சு, இனி பெருகவே முடியாதபடி ஆக்கிடும், அது வேலை மட்டும் செஞ்சு முடிச்சுக்குள்ளயே உயிர விடும். அவரை, காராமணி, சோயா அந்த அளவு போகாது, முடிச்சு அழுகினா உள்ள இருந்த பாக்டீரியா திரும்ப மண்ணுக்கு போய் அடுத்த சீசன் வரைக்கும் காத்திருக்கும். அந்த வகையில எங்க அவரை கொஞ்சம் நல்ல முதலாளின்னு வச்சுக்கலாம்.

இலை மஞ்சளாச்சேன்னு முதல்ல கேட்டவருக்கு இன்னும் பதில் வரல. பழைய கீழ் இலை மஞ்சளாகி புது இலை பச்சையா இருந்தா தழைச்சத்து கம்மிதான், ஆனா பூ எடுத்து காய் பிடிக்கிற நேரத்துல அது இயல்பு, சத்து எல்லாம் காய்க்கு ஓடும், முடிச்சும் ஓஞ்சுடும், எங்க அக்காவோட செடிக்கு அப்படித்தான் ஆரம்பிச்சிருக்கும்னு நினைக்கிறேன். புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா இருந்தா இரும்புச்சத்து, இங்க போர்வெல் தண்ணி உப்பா இருக்குற வீட்ல இது சகஜம். மழைக்காலத்துல பைக்கு அடியில ஓட்டை அடைச்சு தண்ணி நின்னாலும் மஞ்சளாகும், முடிச்சுக்கு மூச்சு முட்டும். இதுல ஒண்ணுக்கும் வாரா வாரம் யூரியா மருந்து கிடையாது.

மாடித்தோட்டத்துல நிஜமான பிரச்னை ஒண்ணு இருக்கு, அதை யாரும் எழுதுறதில்ல. கோகோபீட்டும் கடையில வாங்கின மண்புழு உரமும் மட்டும் போட்டா அதுல நமக்கு வேண்டிய ரைசோபியம் இருக்கணும்னு அவசியமே இல்ல. செடி ஃப்ளேவனாய்டு விட்டு கூப்பிட்டுட்டே இருக்கும், வர ஆளிருக்காது. எனக்கே முதல் வருஷம் அப்படி ஆச்சு, இருபத்தஞ்சு நாள் செடியை பிடுங்கினா வேர் வழவழன்னு சுத்தமா இருந்தது. கடையில ரைசோபியம் பாக்கெட் வாங்கிட்டு வந்தேன், கடைக்காரர் அதை வெயில்ல கண்ணாடி பக்கத்துல அடுக்கி வச்சிருந்தார், தேதி பாத்தா முடிஞ்சு நாலு மாசம். உயிருள்ள சாமான்ங்க இது, பால் மாதிரி. ஏன் சார்னு கேட்டா "பௌடர்தானேம்மா, என்ன ஆகிடும்"னார்.

அப்புறம் எங்கம்மாதான் வழி சொன்னாங்க. பாலக்கோடு பக்கம் எங்க நிலத்துல கொள்ளு போட்ட இடத்துல இருந்து ரெண்டு படி மண்ணை துணிப்பையில கட்டி பஸ்ல கொண்டு வந்தாங்க, சாட்டிலைட் ஸ்டாண்டுல இறங்கினப்ப பை கிழிஞ்சு பாதி கொட்டிடுச்சு, மிச்சத்தை பைக்கு ஒரு பிடி போட்டேன். கொள்ளு, அவரை, காராமணி, பச்சைப்பயறு, உளுந்து, கடலைக்காய் எல்லாம் பாக்டீரியா விஷயத்துல ஒரே கூட்டம், ஒருத்தருக்கு ஒத்துக்கிறது பெரும்பாலும் அடுத்தவருக்கும் ஒத்துக்கும். பீன்ஸ் தனி, பட்டாணி தனி, கொத்துக்கடலை தனி, சோயா தனி, அதுக்கு கொள்ளு மண்ணை நம்ப முடியாது. பாக்கெட் நல்லதா கிடைச்சா, ஆறின அரிசிக் கஞ்சியில குழைச்சு விதையில புரட்டி நிழல்ல காய வச்சு அன்னிக்கே விதைக்கணும், வெயில்ல காய வச்சா வேலைக்காகாது. இது பல்கலைக்கழகமே சொல்ற முறை, எங்கம்மா கஞ்சின்னதும் "இதைத்தான் உங்க தாத்தா சாணியில பண்ணுவார்"னாங்க, எதுக்கு பண்ணார்னு அவருக்கு தெரியுமான்னு கேட்டேன், பதில் வரல. அந்த வருஷம் தையில பிதுக்கம்பருப்பு குழம்பு எங்க மாடி அவரையிலயே வச்சோம், வி.வி.புரம் அவரைக்காய் மேளாவுக்கு போகல.

ஆசிரியர் ஐயாகிட்ட கேக்குறது ரெண்டுதான். அந்த பதிலை எழுதினவரை திட்டணும்னு இல்ல, அவரும் நல்ல எண்ணத்துல எழுதியிருப்பார், ஆனா அதே இடத்துல, அதே ஞாயிறு பக்கத்துல, அவரை காராமணி வேர்ல இருக்குற முடிச்சு புழு இல்ல, பிடுங்க வேணாம், வாரா வாரம் யூரியா ஊத்த வேணாம்னு நாலு வரி போடுங்க. உள் பக்கத்துல பொடி எழுத்துல போட்டா எங்க அக்கா மாதிரி ஆளுங்க பாக்க மாட்டாங்க. இன்னொண்ணு, நல்ல முடிச்சையும் நூற்புழு வீக்கத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு கலர் போட்டோ போடுங்க, வெட்டின முடிச்சோட சிவப்பு தெரியணும். போட்டோ இல்லன்னா சொல்லுங்க, என்கிட்ட இருக்கு, அக்கா கொண்டு வந்த செடியை அன்னிக்கே போன்ல எடுத்து வச்சேன்.

அக்கா அந்த பழைய மண்ணை கொட்டல, நான்தான் தடுத்துட்டேன், அதுல அந்த எட்டு செடியோட முடிச்சு எல்லாம் அழுகி கலந்திருக்கு. அதே பையில திரும்ப அவரை போட்டிருக்காங்க, இன்னிக்கு பதினோராவது நாள், ரெண்டு இலை விட்டிருக்கு. இருபத்தெட்டாம் நாள் ஒரே ஒரு செடியை மட்டும் தியாகம் பண்ணி வேரை பாக்குறதா பேசி வச்சிருக்கோம், எதை பிடுங்குறதுன்னுதான் இன்னும் சண்டை.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகி,
ஸ்ரீராமபுரம், பெங்களூரு.